காணாமல் போனாரா, ஆக்கப்பட்டாரா: வன்னியில் ஆங்கிலச் சொற்கள் செய்த வேலை

பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2009 சனவரியில், சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் ஊர்களைச் சேர்த்து ஏறக்குறைய 35 சதுர கிலோமீற்றர் நிலத்தை அரசாங்கம் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்தது. போர் முடிந்தபின் இதே வீதியோரம் பாதுகாப்புப் படைகளின் முகாம்கள் வந்தன. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகள் வந்தன. முன்பள்ளி ஆசிரியைகளும் அந்தத் திணைக்களத்தில் சம்பளம் வாங்கினார்கள். பள்ளிக்கூட மதிலில் சிறுவர் பாதுகாப்பு, சந்தியில் வீதிப் பாதுகாப்பு. கொழும்பில் பாதுகாப்பு அமைச்சு.

ஆங்கிலத்தில் இவை ஒரே சொல் அல்ல. திணைக்களத்தின் பெயரில் இருப்பது செக்யூரிட்டி. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் பெயரில் இருப்பது புரொடெக்‌ஷன். வீதிக்கு சேஃப்டி, அமைச்சுக்கு டிஃபென்ஸ். நான்கும் ஒரு குடும்பத்துச் சொற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஆளைப் பார்த்து நிற்கிறது. சேஃப்டி என்பது காயம் படாமல் முழுசாக இருப்பவரின் நிலை. ‘முழுமையான’ என்று பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து வந்த சொல். செக்யூரிட்டியின் இலத்தீன் மூலம் ‘கவலையற்ற’ என்பது. இன்று அந்தச் சொல் மனதில் கொண்டுவருவது காவலரணும் கடவையும். டிஃபென்ஸ் என்றால் எதிரே எதிரி ஒருவன் நிற்க வேண்டும். புரொடெக்‌ஷன் என்பது ஒருவருக்கு முன்னால் இன்னொருவர் மறைப்பாக நிற்பது. யாருக்காக, யாரிடமிருந்து, யாரால் என்ற மூன்று கேள்விகளுக்கு நான்கு சொற்களும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன. தமிழில் நான்கும் ‘பாதுகாப்பு’ ஆனபோது அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின.

கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு வலயங்களைப் பார்த்தால் போதும். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்குச் சனம் 1990 முதல் அறிந்தது உயர் பாதுகாப்பு வலயம், ஆங்கிலத்தில் செக்யூரிட்டி. அதற்குள் இருந்த மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. 2009இல் வன்னி மக்கள் அறிந்தது பாதுகாப்பு வலயம், ஆங்கிலத்தில் சேஃப். அதற்குள் மக்கள் போக வேண்டியிருந்தது. ஒன்றில் காப்பாற்றப்படுவது படைத்தளம், மற்றதில் மக்கள் என்று ஆங்கில அறிவித்தலை வாசித்தவருக்குச் சொல்லே காட்டிக்கொடுத்திருக்கும். தமிழில் கேட்டவருக்கு இரண்டுக்கும் இடையே இருந்தது ‘உயர்’ என்ற ஓர் அடைமொழி மட்டும்.

அந்த 2009 வலயத்துக்கு ஆங்கிலத்திலேயே இரண்டு பெயர்கள் இருந்தன: சேஃப் ஸோன், நோ ஃபயர் ஸோன். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ‘சேஃப்’ அங்கே இருப்பவரின் நிலையைச் சொல்கிறது. மறைமுகமாக அது ஒரு முடிவை உறுதி கூறுகிறது. ‘நோ ஃபயர்’ துவக்கு வைத்திருப்பவனின் செயலைச் சொல்கிறது: சுடமாட்டோம். முதலாவது பொய்த்தால் யார் பொறுப்பு என்று தேட வேண்டும். இரண்டாவது பொய்த்தால் சுட்டவன் பொறுப்பு. தமிழ்ச் செய்திகளில் ‘யுத்த சூனிய வலயம்’ என்ற பெயரும் அடிபட்டது; சனத்தின் வாயில் நின்றது ‘பாதுகாப்பு வலயம்’தான். பெப்ரவரியில் வலயம் மாத்தளன் கரையோரத்துக்கு நகர்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலுக்குள் ஒடுங்கியது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, மூன்று வலயங்கள்மீதும் அரச படைகள் எறிகணை வீசியதாகக் கூறும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை பேசியது.

தமிழில் வேறு சொற்கள் இல்லாமலா எல்லாவற்றையும் பாதுகாப்பு ஆக்கினோம்? காவல் இருக்கிறது. நெல் முற்றியதும் யானைக்கும் பன்றிக்கும் இரவில் பரணில் குந்தியிருப்பதை வன்னி விவசாயி காவல் என்பான். ஒருநாளும் பாதுகாப்பு என்று சொல்லமாட்டான். காப்பு இருக்கிறது, கோயில் திருவிழாவுக்குக் கையில் கட்டுவது. அரண் இருக்கிறது. பழைய நூல்களில் ஏமம் இருக்கிறது. அரசகரும மொழிகள் திணைக்களம் 1956இல் தொடங்கியது முதல் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டு வந்திருக்கிறது. அவற்றைத் தொகுத்தவர்கள் தமிழறிந்தவர்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிர்வாகத் தமிழ் ஆங்கிலத்தோடு நேருக்கு நேர் நின்று வளரவில்லை. இலங்கையின் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தோடு முடிகின்றன: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். அப்படியிருக்கத் தமிழ் உரையில் ஒரு சொல் கூடினாலென்ன, மங்கினாலென்ன என்ற மெத்தனம் வந்துவிடுகிறது. அந்த மங்கலுக்குள்தான் வன்னியின் ஏழைக் குடும்பங்கள் முப்பது வருடம் படிவம் நிரப்பின.

அகதி என்ற சொல்லை எடுப்போம். கதி அற்றவர் அகதி. அந்தச் சொல்லுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆங்கிலத்தில் ரெஃப்யூஜி, 1951ஆம் ஆண்டின் சமவாயத்துக்குப் பிறகு, தன் நாட்டின் எல்லையைத் தாண்டியவரை மட்டும் குறிக்கும் சட்டச் சொல். எல்லைக்குள்ளேயே ஓடியவருக்கு டிஸ்பிளேஸ்ட் என்று வேறு பெயர். அந்தப் பெயருக்கு வரையறை வர 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் ஐ.நா.வுக்காக உருவாக்கிய வழிகாட்டிக் கோட்பாடுகளில் அது வந்தது. அதுவும் சமவாயம் போல நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல.

1990இல் ஒரு குடும்பத்தின் அக்கா பேசாலையில் வள்ளம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போயிருப்பாள். தங்கை மடு மாதா கோயில் வளவில் கூடாரம் போட்டிருப்பாள். ஓடிய காரணம் ஒன்று, ஓடிய இரவும் ஒன்று. அக்கா ரெஃப்யூஜி, தங்கை டிஸ்பிளேஸ்ட். அந்த ஆண்டில் மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் ‘திறந்த நிவாரண நிலையங்களை’ நடத்தியபோது, அகதிகளுக்கென்று உருவான அமைப்பு அகதி என்ற சட்டப் பெயர் இல்லாதவர்களைப் பராமரித்தது. சனத்துக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. அவர்கள் பேச்சில் எல்லாரும் அகதிகள்தான். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு எழும்பிய சனம் கிளாலி தாண்டி வன்னிக்குள் வந்தபோதும் அகதிகள்தான். பிறகு தொண்டு நிறுவனங்களின் வழியே ‘ஐ.டி.பி.’ என்ற மூன்றெழுத்து வந்தது. சின்னப் பிள்ளையும் சொல்லும் சொல்லாக அது மாறியது. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் பழைய ஐ.டி.பி., பின் இடம்பெயர்ந்தவர் புதிய ஐ.டி.பி. என்று பிரிவும் வந்தது. நிவாரணம் எந்தப் பட்டியலுக்கு வருகிறது என்பது அந்த அடைமொழியில் தங்கியிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. மரியாதை கருதிச் செய்த மாற்றம் அது. மறுவாழ்வு என்பதும் நம்முடைய புனர்வாழ்வு என்பதும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரண்டு பெயர்ப்புகள். புனர்வாழ்வு வன்னியில் பட்ட பாடு தனிக் கதை. போர்க்காலத்தில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கூடாரமும் கஞ்சியும் கிணறும் புனர்வாழ்வு. 2009க்குப் பின் ‘புனர்வாழ்வு பெற்றவர்’ என்றால் முன்னாள் போராளியாகத் தடுப்பில் இருந்து வந்தவர். ஒரு சொல் ஒரே தலைமுறையில் நிவாரணத்திலிருந்து தடுப்புக்கு மாறியதை வன்னி பார்த்தது. ஆங்கிலத்தில் ரிஹாபிலிட்டேஷனும் டிட்டென்ஷனும் வேறு வேறு. முட்கம்பிக்குப் பின்னால் இருந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இனி வருவது, என் கணக்கில், இந்தச் சொற்களில் மிகவும் கனமானது: மீள்குடியேற்றம்.

செட்டிகுளம் மெனிக் பாம். 2009 நடுப்பகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தனர். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர். அரச கடிதங்களில் நலன்புரி நிலையம்; சனத்தின் வாயில் முகாம். அந்த ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதி வரை வெளியே போய்வர வழி இல்லாத இடத்துக்கு நலன்புரி என்று பெயர். அங்கிருந்து ஊருக்கு அனுப்பப்பட்டதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ரீசெட்டில்மென்ட், தமிழில் மீள்குடியேற்றம். 2007ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் மீள்குடியேற்ற அதிகார சபை ஏற்கெனவே இருந்தது.

வழிகாட்டிக் கோட்பாடுகளின் 28ஆம் கோட்பாடு இரண்டு வழிகளைத் தனித்தனியாகச் சொல்கிறது. தன் வீட்டுக்கு, அல்லது வழக்கமாக வாழ்ந்த இடத்துக்குப் போவது ரிட்டர்ன். நாட்டின் வேறோர் இடத்தில் தன் விருப்பப்படி குடியேறுவது ரீசெட்டில்மென்ட். இரண்டிலும் விருப்பமும் பாதுகாப்பும் கண்ணியமும் வேண்டும். ஐ.நா. அகதி அமைப்பின் பேச்சிலோ ரீசெட்டில்மென்ட் என்றால் அகதி மூன்றாம் நாடு ஒன்றுக்குப் போவது. ஒருவரை அதிகாரிகள் கொண்டுபோய் வேறு காணியில் இருத்தினால் அது ரீலொகேஷன். இலங்கை அரச வழக்கில் ரிட்டர்ன், வேறிடத்தில் குடியேறல், ரீலொகேஷன் மூன்றும் ரீசெட்டில்மென்ட் என்ற ஒரே பெட்டிக்குள் போயின. தமிழுக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. ஏனென்றால் ஆங்கிலத்தின் ‘ரீ’ வெறுமனே ‘மறுபடியும்’ என்று நின்றுவிடும். எங்கே என்று சொல்லாது. தமிழின் ‘மீள்’ பழைய இடத்தைச் சுட்டும். மீண்டான் என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வந்தான். மீள்குடியேறினேன் என்று கையொப்பம் வைத்த மனுசி, தமிழ்ச் சொல்லின்படி, தன் வளவுக்குத் திரும்பிவிட்டாள்.

முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களுக்கு நடந்தது வேறு. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட கேப்பாப்புலவுக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய காணியில் படை இருந்தது. அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சீனியாமோட்டைப் பக்கம், காடு வெட்டிய நிலம். பிறகு அதற்குக் கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம் என்று பெயர் வந்தது. ஊரின் பெயரும் இடம்பெயர்ந்துவிட்டது! பெயர் வந்த பிறகு ‘கேப்பாப்புலவு மக்கள் கேப்பாப்புலவில் மீள்குடியேற்றப்பட்டனர்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால், அதில் எந்தச் சொல்லையும் பிழை என்று காட்ட முடியாது. ஐ.நா. அதிகாரிகள் அப்போதே ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைச் சுட்டி, சொந்த வீட்டுக்குப் போக முடியாதவர்கள் இவர்கள் என்று அறிக்கை விட்டார்கள். தமிழில் அதைச் சொல்ல மக்கள் தாங்களே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்: ‘சொந்தக் காணி’. 2017 சனவரி இறுதியில் கேப்பாப்புலவுப் பக்கத்துப் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் குந்தியபோது கேட்டது மீள்குடியேற்றம் அல்ல. அது கொடுத்தாயிற்று என்று கணக்கில் இருந்தது. சொந்தக் காணியைத்தான் கேட்டார்கள். மார்ச் முதலாம் திகதி அவர்களுக்கு அது கிடைத்தது. அதே நாளில் கேப்பாப்புலவுக்காரர் தங்கள் பகுதிக்காகப் போராட்டத்தைத் தொடங்கினார்கள்.

காணிப் பத்திரங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு, ஆனால் அங்கே தமிழ் தோற்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த பெர்மிட்டை உத்தரவுப்பத்திரம் என்றும், கிராண்டை அளிப்பு என்றும், டீட்டை உறுதி என்றும் தமிழ் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. வட்டக்கச்சியிலோ முரசுமோட்டையிலோ ‘பெர்மிட் காணியா, உறுதிக் காணியா’ என்று கேட்டால் எழுத்தறியாத கிழவியும் பிசகாமல் சொல்லுவாள். நெல்லும் பிள்ளையின் சீதனமும் தங்கியிருக்கும் சொல்லில் சனம் தடுமாறுவதில்லை.

‘அபாண்டன்’ என்ற சொல்லையும் விட்டுப்போக முடியாது. நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களில் வன்னிக் காடெங்கும் ‘கைவிடப்பட்ட குளம்’ என்று குறி இருக்கும். நூற்றாண்டுகளுக்கு முன் கட்டு உடைந்து தூர்ந்த குளங்கள் அவை. அவற்றைத் திருத்தித்தான் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் இன்றைய வடிவம் பெற்றன. ஆங்கிலத்தில் அபாண்டன் என்றால் இனி வேண்டாம் என்று விடுவது. உரிமையையும் சேர்த்து விடுவது. எறிகணைக்குப் பயந்து கிணற்றுக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் ஓடியவர் எதையும் அபாண்டன் செய்யவில்லை. ஆனால் பத்து இருபது வருடத்தில் வயலில் காடு பற்றிப்போகும். திரும்பி வந்தவரிடம் அது வனத் திணைக்களத்தின் காடு என்று எல்லைக்கல்லைக் காட்டினார்கள். முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் இந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. ‘கைவிட்டது’ என்பதற்கும் ‘விட்டிட்டு ஓடினது’ என்பதற்கும் இடையே ஊர்ப்பேச்சு வைத்திருக்கும் தூரத்தை அலுவலகத் தமிழ் வைத்திருக்கவில்லை.

காணாமல் போனவர்களிடம் வருவோம்.

ஆங்கிலத்தில் மிஸ்ஸிங் என்பது மிக அகன்ற சொல். புயலில் வள்ளத்தோடு போனவர், சண்டையில் உடல் கிடைக்காத சிப்பாய், வெள்ளை வானில் ஏற்றிக் கடத்தப்பட்டவர், எல்லாரும் அதற்குள் அடங்குவர். டிஸப்பியர் என்பது ஆங்கிலத்தில் தன்வினை. பொருள் ஒன்று தானாக மறையும். ஆளை இன்னொருவர் மறைப்பதைச் சொல்ல அந்தச் சொல்லை வளைக்க வேண்டியிருந்தது, வளைத்தவர்கள் இலத்தீன் அமெரிக்கர்கள். 1977 ஏப்ரலில் ஆர்ஜென்டீனாவின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் பிள்ளைகளைத் தேடிக் கூடிய தாய்மார் உலகறியச் செய்த ‘தெசாபரெசிதோஸ்’ என்ற ஸ்பானிய வழக்கு ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘என்ஃபோர்ஸ்ட்’ என்ற அடைமொழியோடு ஐ.நா.வின் சட்டச் சொல்லானது. 1980இல் அதற்கென்று செயற்குழு, 2006இல் சமவாயம். இலங்கை அந்தச் சமவாயத்தை 2016 மே மாதத்தில் ஏற்றது.

அதே ஆண்டில் வந்த 14ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில் இருப்பது மிஸ்ஸிங். தமிழில் காணாமற் போனோர். சட்டத்தின் வரையறைக்குள் போரில் காணாமல் போன படையினரும் உண்டு, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரும் உண்டு. அகன்ற சொல்லைத் தெரிந்தெடுத்ததற்கு நியாயம் இருக்கிறது: தெற்கில் ஒரு சிப்பாயின் தாயும் அதே கதவைத் தட்டலாம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அகன்ற சொல்லில் செய்தவன் இல்லை. ‘காணாமல் போனான்’ என்னும்போது எழுவாய் அந்தப் பிள்ளை. போனது அவனுடைய வினை. ஆடு காணாமல் போகும், மோதிரம் காணாமல் போகும்.

தமிழில் இதற்கு மாற்றுச் சொல் காண்பது ஆங்கிலத்தைவிடக் கடினம். ‘மறைந்தோர்’ என்று சொல்ல முடியாது, தமிழில் மறைந்தவர் என்றால் இறந்தவர். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று காத்திருக்கும் தாயிடம் அந்தச் சொல்லை நீட்ட யாருக்கு மனம் வரும்? ஆகவே ‘போ’ என்ற துணைவினையை எடுத்துவிட்டு ‘ஆக்கு’ என்பதை வைத்துச் செயப்பாட்டுவினை ஆக்கினார்கள்: காணாமல் ஆக்கப்பட்டோர். பேச்சில் புரளாத நீண்ட சொல். ஆனால் இலக்கணம் தெளிவாக வேலை செய்கிறது. ஆக்கப்பட்டால் ஆக்கியவர் ஒருவர் உண்டு. முன்னால் சேர்த்த ‘வலிந்து’ மட்டும் எனக்குச் சற்று உறுத்துகிறது, ‘வலிந்து வந்து உதவினார்’ என்னும் வழக்கும் இருப்பதால். ‘பலவந்தமாக’ இன்னும் பொருந்தியிருக்கும். சனம் தெரிந்தெடுத்துவிட்டது, அது நிலைத்துவிட்டது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில் போராட்டப் பந்தல் போட்ட தாய்மாருக்கு ‘போனோர்’, ‘ஆக்கப்பட்டோர்’ என்ற இரண்டு சொற்களின் வித்தியாசம் கொழும்பில் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்த அளவு தெரியும். பத்திரிகையாளர் எவரும் ‘காணாமல் போனோர்’ என்று கேள்வியைத் தொடங்கினால் திருத்திவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

2016இல் இன்னொரு சொல்லும் சட்டத்தில் நுழைந்தது: அப்சென்ஸ். மரணச் சான்றிதழ் வாங்க மறுத்த குடும்பங்களுக்காக, 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, ஆள் இல்லாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வங்கிக் கணக்குக்கும் காணிக்கும் அது உதவும். மரணத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. நல்ல நோக்கம்தான். ஆனால் ‘அப்சென்ட்’ என்ற சொல்லை வன்னியில் எல்லாரும் அறிந்தது பள்ளிக்கூட இடாப்பில். வராத பிள்ளைக்குப் போடும் குறி அது. நாளைக்கு வந்தால் காரணத்தைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வினை இருக்கிறது, எந்தச் சட்டமும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2009 மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்தவர்களில், புலிகள் இயக்கத்தில் ஒருநாள் இருந்தவரும் வந்து பதியலாம் என்ற அறிவித்தலை நம்பிப் பிள்ளையையோ கணவனையோ படையினரிடம் கொண்டுபோய் விட்டவர்கள் பலர். ஆங்கில ஆவணங்களில் இவர்கள் ‘சரண்டர்’ ஆனவர்கள். அந்த வினையின் எழுவாய் போராளி. தோற்றவன் தானாகப் போய் நிற்பது. தாய்மாரின் வினை வேறு: ‘என்ர கையாலதான் குடுத்தனான்’. ஒப்படைத்தேன், கையளித்தேன். எழுவாய் தாய். 2014 சனவரியில் கிளிநொச்சியில், காணாமல் போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு அமர்ந்தபோது, மொழிபெயர்ப்பில் இப்படியான சொற்கள் எவ்வளவு தாண்டிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அமர்வுகளைக் கவனித்த சிவில் அமைப்புகள் மொழிபெயர்ப்பு பற்றிக் குறை சொல்லியிருந்தன. சரணடைந்தான், ஒப்படைத்தேன், பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டால் சாட்சியத்தின் முதுகெலும்பு போய்விடும். ஒப்படைத்தல் என்ற வினைக்கு வாங்கியவர் ஒருவர் வேண்டும். நெல்லைச் சங்கத்தில் கொடுத்தாலும் சீட்டுத் தருவார்கள்.

வவுனியா மேல் நீதிமன்றத்தில் 2013 முதல் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுக்கள் அந்த வினையின்மேல்தான் நின்றன. 2017 யூன் மாதம் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைக் குடும்பத்தினர் சந்தித்தபோது, ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார்கள். தருவதாக அவர் சொன்னார். பட்டியல் வரவில்லை.